விற்பதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை

போத்தனூரில் எங்கள் பகுதிக்கு முதல்முறை வரும் உறவினர்கள் காலணியைக் கழற்றும்போதே சொல்வார்கள்: "என்னங்க, இவ்வளவு அமைதியா இருக்கு!" உக்கடத்தின் நெரிசலிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனால் இங்கே ஃபஜ்ர் தொழுதுவிட்டு வீட்டுக்கு நடந்தால் காதில் விழுவது வாசல் பெருக்கும் சத்தமும், தூரத்தில் ரயில் ஊதும் ஒலியும் மட்டும்தான்.

இந்த அமைதி தானாக வந்ததா, அல்லது யாராவது அதைக் காத்து வருகிறார்களா? பல ஆண்டுகளாக என்னை உறுத்தும் ஒரு விஷயத்தைச் சொல்வதற்காகவே இந்தக் கேள்வியை எழுப்புகிறேன்.

ஊர் பழையது. 1862ல் சென்னையையும் மலபார் கரையையும் இணைத்த ரயில்பாதை கோவை நகருக்குள் போகவில்லை, போத்தனூர் வழியாகத்தான் போனது. 1873ல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்ட பிறகே கோவைக்கு ரயில் வந்தது. அதாவது அன்றைக்கு ஜங்ஷன் நாங்கள், கோவை கிளை! ரயில்வே குடியிருப்புகளும், சிக்னல் பட்டறையும், ஓடு வேய்ந்த வீடுகளும், நிழல் மரங்களும் அந்த ரயிலோடு வந்தவை. ஆங்கிலோ இந்தியர், கவுண்டர், ராவுத்தர், மலையாள மாப்பிள்ளைமார், உர்து பேசும் குடும்பங்கள் என்று ஒரே பகுதியில் பலரும் வீடு கட்டியதற்கும் ரயில்வேதான் பெரிய காரணம்.

அந்த ரயில் நிலையத்துக்கு ஒரு துயரமும் உண்டு. 1921 நவம்பரில் மலபார் கிளர்ச்சிக் கைதிகளைத் திரூரிலிருந்து காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். அந்தக் கதவு திறக்கப்பட்டது போத்தனூரில்தான். உள்ளே 56 பேர் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். பிறகு இறந்தவர்களையும் சேர்த்து 70 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. பயணம் போகும்போது பிள்ளைகளுக்கு அந்த நடைமேடையைக் காட்டிச் சொல்லுங்கள்.

எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். காற்று திரும்பினால் வெள்ளலூர் குப்பைக்கிடங்கின் நாற்றம் வீட்டுக்குள் வரும். கோடையில் அங்கே தீப்பிடித்தால் ஆஸ்துமாக்காரர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. தண்ணீர் வரும் நாளைச் சுற்றித்தான் பெண்களின் வாரம் ஓடுகிறது. தெருவில் பாதி வீடுகளில் முதியவர்கள் மட்டும். பிள்ளைகள் பெங்களூரில், துபாயில், ஷார்ஜாவில். சில வீடுகளில் பூட்டு துருப்பிடித்திருக்கிறது. இரவில் ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலித்தால் முதலில் ஓடி வருபவர் மகனாக இருக்க முடியாது, பக்கத்து வீட்டுக்காரர்தான்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், முஸ்லிம் அல்லர். அவரை நாங்கள் மாமா என்றே அழைப்போம். 1997 இறுதியில் நகரில் கலவரம், அடுத்த பிப்ரவரி 14ல் குண்டுவெடிப்புகள். அந்த மாதங்களை கோவைக் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகுதான் இரு தரப்பிலும் பலர், "நம்ம ஆளுங்க இருக்கிற இடத்துக்கே போயிடலாம்" என்று வீடு மாறினார்கள். நான் அப்போது மதரஸா மாணவன், ஊருக்கு வந்திருந்தேன். ஊரடங்கின்போது மாமா சுவருக்கு மேலாக எங்கள் அம்மாவிடம் பால் பாத்திரத்தைக் கொடுத்தது நினைவிருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். அத்தா அதை உயர்த்தவில்லை, அவரும் உயர்த்தவில்லை.

2014ல் அத்தா மவ்த்தாகிவிட்டார்கள். வீட்டை விற்றுப் பங்கு பிரிக்க முடிவு செய்தோம். கணக்குப் போட்டது நான்தான். ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு, அம்மாவுக்கு எட்டில் ஒன்று என்று ரூபாய் சுத்தமாக எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். அக்காவின் பங்கில் ஒரு பைசா குறையவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு. புரோக்கர் வெளியூர்க்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். நல்ல விலை. பதினைந்து நாளில் பத்திரம் முடிந்தது.

மாமாவுக்கு விஷயம் தெரிந்தது, புது ஆள் அளவெடுக்க வந்தபோதுதான். சாயங்காலம் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "விக்கறதுல தப்பில்லீங்க தம்பி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க. என்ற பையனே வாங்கியிருப்பான். பக்கத்துலயே இருந்துக்கறேன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தானுங்க."

நபி (ஸல்) அவர்களுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றி ஓயாமல் வலியுறுத்தி வந்ததையும், ஒரு கட்டத்தில் அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபியவர்கள் எண்ணியதையும் நான் எத்தனையோ ஜும்ஆக்களில் பேசியிருக்கிறேன். வாரிசுகளின் பங்கைப் பைசா சுத்தமாகப் பிரித்த அதே கை, வாரிசாகிவிடுவாரோ என்று எண்ணப்பட்ட மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு நம் ஃபிக்ஹில் ஒரு பெயரே இருக்கிறது: ஷுஃப்ஆ. ஓர் அசையாச் சொத்து விற்கப்படும்போது, வெளியாள் கொடுத்த அதே விலையைக் கொடுத்து அதைத் தானே எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை. இதில் சலுகை விலை கிடையாது என்பதைக் கவனியுங்கள், விற்பவருக்கு நஷ்டமும் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இந்த உரிமை சொத்தில் கூட்டாளியாக இருப்பவருக்கு மட்டும்தான். ஹனஃபி மத்ஹபில் ஒட்டியிருக்கும் அண்டை வீட்டாருக்கும் உண்டு. ஹனஃபி நூலான ஹிதாயா இன்னொன்றையும் சொல்கிறது: இந்த உரிமையில் முஸ்லிமும் முஸ்லிம் ஆட்சியில் வாழும் முஸ்லிமல்லாதவரும் சமம். மதரஸாவில் இந்தப் பாடத்தை நான் மனனம் செய்திருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. செய்தி கேட்டவுடன் அண்டை வீட்டார் தாமதிக்காமல் உரிமை கோர வேண்டும், இல்லையேல் உரிமை போய்விடும் என்ற நிபந்தனை வரை தெரியும். பரீட்சையில் மதிப்பெண்ணும் வாங்கினேன்.

ஸஹீஹுல் புகாரியில் அபூ ராஃபிஃ (ரலி) அவர்களின் நிகழ்ச்சி வருகிறது. ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்தில் அவருக்கு இரண்டு வீடுகள் இருந்தன. வெளியே 500 தீனார் கிடைக்கும் என்ற நிலையில், தவணை முறையில் 4000 திர்ஹம் என்று குறைத்துக் கேட்ட ஸஅத் அவர்களுக்கே கொடுத்தார். அருகில் இருப்பவருக்கே அதிக உரிமை என்று நபியவர்களிடம் கேட்டிருக்காவிட்டால் கொடுத்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். நஷ்டப்பட்டுக் கொடுப்பது அவருடைய தகுதி. நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது அதே விலைக்கு முதலில் கேட்பது, அவ்வளவுதான்.

சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. மலபாரில் வழக்கத்தின் அடிப்படையில் தவிர, சென்னை மாகாணத்தில் ஷுஃப்ஆ செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1870லேயே தீர்ப்பளித்துவிட்டது. வெறும் பக்கத்து வீடு என்பதற்காக முன்னுரிமை கோருவது அரசியல் சாசனத்துக்கு ஏற்றதல்ல என்று உச்ச நீதிமன்றம் 1962ல் சொன்னது. அதில் நியாயமும் இருக்கிறது. இன்ன சாதி, இன்ன மதத்தாரை உள்ளே விடாமல் தடுக்க இதே உரிமை பயன்படக்கூடும். "முஸ்லிமுக்கு வீடு இல்லை" என்ற பதிலைக் கேட்டுப் பழகிய நமக்கு அந்த அச்சம் புரிய வேண்டும். ஆகவே யாரும் வழக்குப் போடச் சொல்லவில்லை. புரோக்கருக்குச் சொல்வதற்கு ஒரு வாரம் முன்பு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டச் சொல்கிறேன். அவர் வேண்டாம் என்றால் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

எங்கள் பழைய வீடு இப்போது இல்லை. மாமரம் போய், மூன்று மாடி எழும்பியிருக்கிறது. வாங்கியவர் நல்ல மனிதர், அவர் மீது குறையில்லை, அவர் இடத்தில் அவர் கட்டினார். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று மாமா வீட்டு முற்றத்தில் நுழைவதில்லை. காற்றை மறைக்கும்படி உயர்த்திக் கட்டக்கூடாது என்று ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்கிறார்கள் ஹதீஸ் கலையினர். ஆனால் அண்டை வீட்டார் உங்கள் சுவரில் மரக்கட்டை பொருத்த வந்தால் தடுக்காதீர்கள் என்ற கருத்திலான ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. சுவரே முழுக்க நம்முடையதல்ல என்றால், அந்தச் சுவருக்கு மேல் எழுப்பும் மாடியைப் பற்றி பக்கத்து வீட்டில் ஒரு தடவை பேசுவது அதிகமா?

நான் இப்போது இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். மாமாவின் மகன் சரவணம்பட்டியில் அபார்ட்மெண்ட் வாங்கிக்கொண்டார். வாரம் ஒருமுறை வருகிறார். வயதான அந்தத் தம்பதியர் தனியாகத்தான் இருக்கிறார்கள். நான் போனால் மாமி டீ போடாமல் விடுவதில்லை. வீட்டுப் பேச்சை அவர்கள் எடுப்பதே இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டம்.

போன மாதம் ஷார்ஜாவிலிருந்து ஒரு சகோதரர் போன் செய்தார். எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு அவருடையது. "ஹஜ்ரத், நல்ல பார்ட்டி இருந்தா சொல்லுங்க" என்றார். வலப்பக்கத்து வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், இடப்பக்கத்தில் ஒரு விதவைத் தாய். இருவரிடமும் முதலில் கேட்டுவிடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அவங்க நம்பர் என்கிட்ட இல்லையே ஹஜ்ரத்" என்றார். பத்தொன்பது வருடம் பக்கத்தில் இருந்தவர்கள்.

நம்பரை நான் வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தாய் தம் தம்பியிடம் கலந்து பேசிவிட்டு வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை புரோக்கருக்குச் சொல்லவில்லை.