கறுப்புச் சூரியன்

வீடுகள் இருக்கின்றன. ஆள் ஒருவர்கூட இல்லை. மேலே ஒரு சூரியன். அதுவும் கறுப்பு!

இந்தப் படத்தைத் தீட்டியவர் ஸய்யத் ஹைதர் ரஸா. மத்தியப் பிரதேசத்தில் 1922-ல் பிறந்தவர். காட்டு இலாகா அதிகாரியின் மகன். 1950-ல் பிரெஞ்சு அரசாங்கத்தின் உதவிச் சம்பளம் பெற்றுப் பாரிஸ் நகரம் சென்றார். மறு ஆண்டு தீட்டிய படம் இது.

படத்தில் உள்ள ஊர் காஞ். பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடல் ஓரம் இருக்கிறது. அங்கே கடை உண்டு, தெரு உண்டு, ஜனங்கள் உண்டு. ரஸா அவற்றை விட்டுவிட்டார். கட்டம் கட்டமாக வீடுகள், ஒரு வட்டம். அவ்வளவுதான்.

"வரையத் தெரியாமல் விட்டாரா?" என்று சிலர் கேட்கலாம். குமரி மாவட்டத்து மீனவர் கேட்கமாட்டார்!

மீனவர் பார்வை

இனயம் போன்ற கடலோர ஊர்களில் 'கணியம்' என்று ஒரு வித்தை உண்டு. கடலுக்கு அடியில் பாறை மேடு இருக்கும். அதைப் 'பார்' என்பார்கள். மீன் கூடும் இடம் அது. ஆனால் மேலே வெறும் தண்ணீர். எப்படிக் கண்டுபிடிப்பது?

மீனவர் கரையைத் திரும்பிப் பார்ப்பார். ஒரு கோபுரமும் பின்னால் உள்ள மலை உச்சியும் ஒரே கோட்டில் வரவேண்டும். வேறொரு பக்கம் ஒற்றைத் தென்னையும் இன்னொரு மலையும் அதேபோல் சேரவேண்டும். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் பார் இருக்கும்!

கரையில் எத்தனையோ வீடுகள். அவருடைய வீடும் அங்கேதான். அந்த நேரத்தில் அதுகூட அவருக்கு வேண்டாம். நாலு அடையாளம் போதும். ஆனால் அந்தத் தென்னையை யாராவது வெட்டிவிட்டால் போச்சு! இப்போது ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. இளைஞர்களுக்குக் கணியம் மறந்து வருகிறது.

சுவரில் ஒரு புள்ளி

ரஸாவிடமும் ஓர் அடையாளம் இருந்தது. சிறுவனாக இருந்தபோது அவர் மனம் பாடத்தில் நிற்காது. ஆசிரியர் பள்ளிச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, "இதையே பார்" என்றாராம்.

1947-ல் நாடு பிரிந்தது. உடன்பிறந்தோர் பாகிஸ்தான் போனார்கள். ரஸா போகவில்லை. பிறகு பிரான்சில் அறுபது ஆண்டு வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமையை விடவில்லை. படத்தில் மட்டும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தார். வீடும் போயிற்று, ஊரும் போயிற்று. கடைசியில் ஒரு பெரிய கறுப்பு வட்டம் நின்றது. அதற்கு 'பிந்து' என்று பெயரிட்டார். புள்ளி என்று அர்த்தம். உலகமே அவரை அந்தப் புள்ளியால்தான் அறியும்.

2010-ல் டில்லிக்குத் திரும்பினார். 2016 ஜூலை 23-ல் காலமானார். வயது 94. அவர் விருப்பப்படி, நர்மதை ஓடும் மண்ட்லா ஊரில், தந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.