வாசலைப் பார்த்து நிற்கும் வழிபாடு

டெல்லி ஹுமாயூன் சாலையில், கான் மார்க்கெட்டுக்கு அருகே ஒரு சிறிய கட்டடம் இருக்கிறது. 1956-இல் எழுந்த ஜூடா ஹயம் சினகாக், தலைநகரத்து யூதர்களின் வழிபாட்டுக்கூடம். ஒட்டினாற்போல் அவர்களுடைய இடுகாடு. டெல்லியில் குடியிருக்கும் யூதக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலை வழிபாட்டுக்கு எந்த மதத்தாரும் வந்து உட்காரலாம். டெல்லித் தமிழனான நானும் அப்படிப் போய் அமர்ந்தவன்தான்.

யூதர்களுக்குச் சூரியன் மறையும்போதே மறுநாள் பிறந்துவிடுகிறது. அவர்களுடைய ஓய்வுநாளான சப்பாத், வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும்வரை நீளும். சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பே வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவது வழக்கம். அதன்பின் நெருப்பு மூட்டுவது, எழுதுவது, தைப்பது உட்பட 39 வகை வேலைகள் விலக்கு. கொங்கணக் கரையில் செக்காட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் யூதர்கள் சனிக்கிழமை செக்கைத் தொடமாட்டார்கள். அதனால் ஊரார் அவர்களைச் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்று பொருள்பட, 'ஷன்வார் தேலி' என்றே அழைத்தார்கள். ஒருநாள் வருமானம் போனாலும் போகட்டும் என்ற உறுதி அது.

வெள்ளி வழிபாட்டில் நான் மனம் பறிகொடுத்தது 'லெகா தோதி' என்னும் பாட்டில். 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரத்தில் வாழ்ந்த ஷ்லோமோ அல்கபெத்ஸ் எழுதியது. சப்பாத்தை மணப்பெண்ணாகப் பாவித்து வரவேற்கிறது. கடைசிச் சரணம் வந்ததும் எல்லோரும் எழுந்து வாசல் பக்கம் திரும்புகிறார்கள், இலேசாக வணங்குகிறார்கள். ஒரு பொழுதை விருந்தாளியாக மதித்து எழுந்து நிற்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முழு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் கூட வேண்டும். அதற்கு மின்யன் என்று பெயர். மரபு வழுவாத சபைகளில் 13 வயது நிரம்பிய ஆண்களை மட்டுமே எண்ணுவார்கள். பல பத்தாண்டுகள் சம்பளம் வாங்காமல் டெல்லிக் கூடத்தைப் பேணிய வழக்கறிஞர் எசக்கியேல் ஐசக் மலேக்கர், பெண்களையும் சேர்த்து எண்ணினார். ஊர்சுற்ற வந்த யூதர் ஒருவர் உள்ளே நுழைந்தால், வழிபாடே நிறைவு பெறலாம். என்னைப் போன்ற பிறமதத்தார் அந்தப் பத்தில் சேர்த்தியில்லை. வரவேற்பில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

வழிபாட்டை அடுத்து, கிண்ணத்தை உயர்த்தி நாளைப் புனிதப்படுத்தும் கித்தூஷ். பெனே இஸ்ரேல் வழக்கத்தில் திராட்சை மதுவுக்குப் பதில், உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத். சனிக்கிழமை காலையில் யூத வேதமான தோராவின் வாசிப்பு. வாரத்துக்கு ஒரு பகுதியாக, ஓராண்டில் அதன் ஐந்து நூல்களையும் முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு சனியும் வாசிப்புக்கு ஏழு பேரை முன்னே அழைப்பது முறை.

விடுமுறை நமக்கும் உண்டு. கைபேசியும் கடைவீதியும் அதை விழுங்கிவிடுகின்றன. ஓய்வைத் தனியாளாகக் காப்பாற்றுவது கடினம். பத்துப் பேர் சேர்ந்தால் முடியும் என்பதே இவர்களிடம் நான் கண்டது. டெல்லிக்கு வந்தால் ஒரு வெள்ளி மாலையை இதற்கு ஒதுக்குங்கள். நேரத்தை முன்கூட்டியே விசாரித்து, அடையாள அட்டையோடு செல்லுங்கள். கைபேசியை அணைத்து, தலையை மூடி, அமைதியாக உட்காருங்கள். எல்லோரும் வாசல் பக்கம் திரும்பும்போது நீங்களும் எழுந்து நில்லுங்கள்.