குடமும் குழாயும்

திருப்பூரிலிருந்து அவினாசி செல்லும் சாலையில் அமைந்துள்ளது அனுப்பர்பாளையம். இவ்வூர்ப் பட்டறைகளில் உருவாகும் பித்தளைப் பாத்திரங்கள் பல ஊர்களிலும் பெயர் பெற்றவை. ஒரு மக்கள்தொகையில் எச்.ஐ.வி. தொற்று குறைகிறதா என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவிற்கு விடைகாண இவ்வூர்க் குடம் ஒன்றையே துணைகொள்வோம்.

குடத்தில் உள்ள நீர், தொற்றுடன் வாழ்வோரின் மொத்த எண்ணிக்கை. மேலே குழாயிலிருந்து விழும் நீர், ஓராண்டில் புதிதாகத் தொற்றுக்கு ஆளாவோர். அடியிலுள்ள துளை வழியே வெளியேறும் நீர், இறப்பு. நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்குக் குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது தெரியாது.

முதல் துளியைக் கண்டவர்கள்

1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, தம் ஆசிரியர் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவை ஆராயப்பட்டபோது, இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது.

அளவுகோலின் கதை

நாட்டு மக்கள் அனைவரையும் சோதிப்பது இயலாது. ஆகவே, தேர்ந்தெடுத்த மருத்துவ மையங்களுக்கு வரும் கர்ப்பிணிப் பெண்களின் இரத்த மாதிரிகள், பெயர் குறிக்கப்படாமல் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஆராயப்படுகின்றன. தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டில் இவர்களுள் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாக இருந்த தொற்று, 2019இல் ஆயிரத்திற்கு இருவர் என்ற அளவிற்குக் குறைந்தது. விழிப்புணர்வும் பரிசோதனையும் சிகிச்சையும் ஒருங்கே செயற்பட்டதன் பயன் இது.

எண்களைக் கையாள்வதில் எச்சரிக்கையும் தேவை. இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொற்றுடன் வாழ்வதாக முன்னர்க் கணிக்கப்பட்டிருந்தது. 2007இல் அது ஏறத்தாழ 25 இலட்சம் என்று திருத்தப்பட்டது. ஒரே ஆண்டில் நோய் பாதியாகிவிடவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வில் பொதுமக்களிடம் நேரடியாக எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளின் முடிவுகளும் கணக்கில் சேர்ந்தமையால் அளவுகோல் செம்மையுற்றது.

மட்டம் குறையாததும் வெற்றியே

2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை அரசால் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. மருந்தை நாள்தோறும் தவறாமல் உட்கொள்வோர் நெடுங்காலம் நலமுடன் வாழ்கின்றனர். அதாவது, குடத்தின் துளை சிறுத்துவிட்டது. எனவே குழாயில் நீர்வரத்து குறைந்தபோதிலும் நீர்மட்டம் உடனே தாழாது. 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொற்றுடன் வாழ்கின்றனர். ஆயினும் 2010ஆம் ஆண்டை ஒப்பிடப் புதிய தொற்றுகள் 44 விழுக்காடு குறைந்துள்ளன. இதே காலத்தில் உலக அளவிலான குறைவு 39 விழுக்காடு. முதல் எண்ணை மட்டும் காண்பவர் சோர்வடைவார். இரண்டையும் சேர்த்துக் காண்பவரே உண்மையை உணர்வார்.

குழாயை எவ்வாறு அளப்பது?

புதிய தொற்றை நேரடியாக எண்ணுவது அரிது. தொற்றியவர் பல ஆண்டுகள் எவ்வித அறிகுறியுமின்றி வாழக்கூடும். இன்று கண்டறியப்பட்ட தொற்று நேற்று ஏற்பட்டதாகவும் இருக்கலாம். பத்தாண்டுகளுக்கு முன் ஏற்பட்டதாகவும் இருக்கலாம். ஆகவே அறிஞர்கள் 15 முதல் 24 வயது வரையுள்ள இளையோரிடம் தொற்றின் அளவைத் தனியே நோக்குகின்றனர். பெரும்பாலும் இவர்களுக்கு அது அண்மையில்தான் ஏற்பட்டிருக்கும். இத்துடன் சிகிச்சை பெறுவோர், இறப்போர் பற்றிய தரவுகளையும் இணைத்துக் கணித மாதிரிகளின் துணையால் ஆண்டுதோறும் ஏற்படும் புதிய தொற்றுகளை மதிப்பிடுகின்றனர். 2010ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, 2030க்குள் புதிய தொற்றுகளை 90 விழுக்காடு குறைப்பது உலக நாடுகளின் இலக்காகும்.

சிகிச்சையே குழாயையும் மூடுகிறது. மருந்தால் இரத்தத்தில் வைரசு கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடித்தால், பாலுறவு வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை. மருத்துவத் தலையீடு இல்லாதபோது தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை உண்டு. உரிய சிகிச்சை அதனை 5 விழுக்காட்டிற்கும் கீழே குறைக்கிறது.

நம்பிக்கை என்னும் அளவுகோல்

அனுப்பர்பாளையம் உள்ளிட்ட திருப்பூர் வட்டாரத்தின் பின்னலாடைத் தொழிலை நாடிப் பல மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் வருகின்றனர். இடம்பெயர்தல் நோய்க்குக் காரணமன்று. ஆனால் ஊர் மாறும்போது பரிசோதனையும் மருந்தும் இடையில் அறுபடக்கூடும். அறையில் உடன் தங்குவோர் அறிந்துவிடுவரோ, வேலை பறிபோகுமோ என்னும் அச்சம் ஒருவரை மருத்துவமனை வாயிலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடும். அஞ்சி ஒளிந்தவர் கணக்கில் வருவதில்லை, சிகிச்சையும் பெறுவதில்லை.

தமிழ்நாட்டில் பரிசோதனைக் கூடத்திற்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர் சூட்டியிருப்பதன் பொருத்தம் இங்கே விளங்கும். அங்கே ஆலோசனையும் பரிசோதனையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒப்புதலின்றிச் சோதிப்பதையும், தொற்றைக் காரணம் காட்டி வேலையோ கல்வியோ மறுப்பதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அச்சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது.

தொற்றுள்ளவரை ஏளனம் செய்யும் ஒரு சொல், ஒருவரைப் பரிசோதனையினின்றும் விலக்கிவிடும். பரிவான ஒரு சொல் அவரை அழைத்து வரும். குழாயை மூடும் கைகள் மருத்துவர்களுடையவை மட்டுமல்ல, நம்முடையவையும் ஆகும்.