பாலியில் ஒரு சைக்கிள் டூர்: இறக்கம் முழுக்கக் கூடவே வந்த வாய்க்கால்

போன எபிசோடுல பாலி ட்ரிப்போட செலவுக் கணக்கைப் பேசினோம். அதுக்கப்புறம் நிறையப் பேர் கேட்ட ஒரே கேள்வி: "அந்த சைக்கிள் டூர் போலாமா, வேண்டாமா?" ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடலாம்னுதான் நினைச்சேன். ஆனா அந்த அரை நாள்ல நான் சைக்கிள் ஓட்டினதை விட, ஒரு தண்ணீர்க் கணக்கைப் புரிஞ்சுக்கிட்டதுதான் பெரிய விஷயம். அதனால இன்னிக்கு முழு எபிசோடும் அதுதான்.

முதல்ல டூர் எப்படி நடக்குதுன்னு சொல்லிடுறேன். காலையில ஊபுத்ல வேன் வந்து ஏத்திக்கும். அங்கிருந்து வடக்கே, மேலே மேலே ஏறி கிந்தாமணி. பாதுர் எரிமலையோட பழைய வாய் விளிம்புல இருக்கிற ஊர் அது. கீழே பார்த்தா ஒரு பெரிய பள்ளம், அதுக்குள்ள ஒரு ஏரி, ஏரி ஓரத்துல 1,717 மீட்டர் உயரத்துக்கு மலை. 1926ல இந்த மலை வெடிச்சப்போ பள்ளத்துக்குள்ள இருந்த பாதுர் கிராமமும் கோயிலும் எரிமலைக் குழம்புக்குள்ள போயிடுச்சு. ஊரையும் கோயிலையும் விளிம்புக்கு மேலே கொண்டுவந்து திரும்பக் கட்டினாங்க. அந்தக் கோயிலுக்குப் பேர் உலுன் தானு பாதுர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அங்க காலைச் சாப்பாடு, அப்புறம் ஹெல்மெட், சைக்கிள். அங்கிருந்து ஊபுத் பக்கம் வரைக்கும் கிட்டத்தட்ட முழுக்க இறக்கம். பிளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுத்த சைக்கிளுக்கு அப்புறம் நான் சைக்கிளைத் தொட்டதே இல்ல. அதனால ஈஸியா இருக்கும்னு நம்பி ஏறினேன். மிதிக்கிற வேலை இல்லைங்கிறது உண்மைதான். ஆனா பிரேக் பிடிச்சுப் பிடிச்சு முதல் அரை மணி நேரத்துலயே மணிக்கட்டு கழண்டு விழுற மாதிரி ஆயிடுச்சு. பிரேக்கை அழுத்தியே பிடிச்சுட்டு வரக்கூடாது. விட்டு விட்டுப் பிடிக்கணும், ரெண்டு பிரேக்கையும் சேர்த்து. இதை கிளம்புறதுக்கு முன்னாடியே கைடு சொன்னார். நான் செல்ஃபி எடுத்துட்டு இருந்தேன்.

கைடு உள்ளூர்க்காரர், நாப்பது வயசு இருக்கும். பாலியில பொதுவா பிறந்த வரிசைப்படிதான் பேர் வைப்பாங்க. முதல் பிள்ளை வயான், ரெண்டாவது மாடே, மூணாவது ஞோமன், நாலாவது கெதுத். அஞ்சாவது பிறந்தா திரும்ப வயான். அதனால இவர் நாலாவது பிள்ளைன்னு சொன்னாலே பாதிப் பேரைச் சொன்ன மாதிரி. அங்க அண்ணனை 'ப்ளி'ன்னு கூப்பிடுவாங்க, நாங்களும் அவரை அப்படியேதான் கூப்பிட்டோம்.

வழியில ஒரு காபித் தோட்டத்துல நிறுத்துவாங்க. மரநாய் காபிப் பழத்தைத் தின்னு, அதோட எச்சத்துல வர்ற கொட்டையை வறுத்துப் போடுற காபி, கோபி லுவாக். எங்களைக் கூட்டிட்டுப் போன இடத்துல மூணு மரநாய் கூண்டுக்குள்ள இருந்துச்சு. ராத்திரியில திரியுற பிராணியைப் பகல்ல எழுப்பி ஃபோட்டோவுக்கு நிறுத்துறாங்க. நான் குடிக்கல. இதைப் பத்தி இதுக்கு மேல பேசுறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல.

சரி, தண்ணிக்கு வருவோம்.

பாலியில திசை கேட்டா வடக்கு, தெற்குன்னு சொல்றதை விட கஜா, கெலோத்னுதான் சொல்வாங்க. கஜான்னா மலைப்பக்கம், கெலோத்னா கடல்பக்கம். (நம்ம ஊர்ல அந்தப் பேர்ல புயல்தான் வந்துச்சு.) வீட்டுக்குள்ளயும் இதே கணக்குதான். ஒரு வீட்டு வளாகத்துக்குள்ள கூட்டிட்டுப் போனார் ப்ளி. சாமி இடம் மலைப்பக்கத்து மூலையில, அடுப்படி கடல்பக்கம். தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அந்தப் பக்கம் உசத்தி. "நீங்களும் இன்னிக்கு கஜாவுல இருந்து கெலோத்துக்குத்தான் போறீங்க, தண்ணி மாதிரி"ன்னார். அப்போ அதை ஒரு டூரிஸ்ட் வசனம்னுதான் எடுத்துக்கிட்டேன்.

கொஞ்ச தூரம் கழிச்சு ரோட்டை விட்டு வரப்புக்குள்ள இறங்கினோம். ஒரு ஆள் போற அகலம், ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் ரெண்டடி கீழே வயல். கூட வந்த ஒருத்தர் சேத்துல விழுந்தார். (நான்தான்.) அவங்க என்னைத் துடைச்சு விட்டுட்டு இருந்தப்போதான் அந்த மரக்கட்டையைப் பார்த்தேன். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு கட்டை, அதுல ரெண்டு வெட்டு. ஒண்ணு அகலம், ஒண்ணு குறுகல். வர்ற தண்ணி ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு வாய்க்காலுக்குப் போகுது. இதுக்கு தெமுகுன்னு பேர். எந்தப் பக்கம் எவ்வளவு வயலோ, அதுக்கு ஏத்த அகலத்துல வெட்டு. மழை கூடினாலும் குறைஞ்சாலும் பங்கு மாறாது. மோட்டார் கிடையாது, மீட்டர் கிடையாது. ரெண்டு தரப்புக்காரரும் வந்து நின்னு கண்ணால பார்த்துச் சரிபார்த்துக்கலாம்.

இந்தக் கட்டைக்குப் பின்னாடி இருக்கிற அமைப்புதான் சுபாக். ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கிற விவசாயிகளோட சங்கம்னு சொல்லலாம். 9ஆம் நூற்றாண்டுல இருந்தே இது இருக்கு. எப்போ நடணும், எப்போ தரிசா விடணும், யாரு வாய்க்கால் தூர் வாரணும் எல்லாத்தையும் கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்க. நம்ம கண்மாய்ப் பாசனத்துல நீர்க்கட்டின்னு ஒருத்தர் மடையைத் திறந்து மூடுவார் இல்லையா, அது மாதிரி இங்க பெகாசே, சுபாக்கோட தலைவர். பல சுபாக்குகள் சேர்ந்து ஒரு தண்ணீர்க் கோயில், அதுக்கும் மேலே இன்னொண்ணுன்னு போய், உச்சியில காலையில பார்த்தோமே, அந்த உலுன் தானு பாதுர். ஏரித் தெய்வம் தேவி தானுவோட கோயில். அந்த ஏரியில இருந்து வெளியே ஓடுற ஆறு ஒண்ணும் கிடையாது. ஆனா கீழே ஊத்தா வர்ற தண்ணியெல்லாம் அவளோடதுன்னுதான் நம்பிக்கை. 2012ல யுனெஸ்கோ இந்தச் சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு.

இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. மேலே இருக்கிறவனுக்குத் தண்ணி முதல்ல வருது. அவன் ஏன் கீழே விடணும்? நம்ம ஊர்ல கர்நாடகா, தமிழ்நாடுன்னு ஆரம்பிச்சு பக்கத்துத் தோட்டம் வரைக்கும் இதானே சண்டை. சாமிக்குப் பயந்தான்னு கேட்டேன். ப்ளி சிரிச்சுட்டு, "சாமியும்தான், எலியும்தான்"னார்.

விஷயம் இதுதான். மேல்வயல்ல அறுப்பு முடிஞ்சு தரிசா கிடக்கு, கீழ்வயல்ல பயிர் நிக்குதுன்னு வைங்க. மேலே இருந்த எலியும் பூச்சியும் கீழே போகும். கீழே அறுத்ததும் திரும்ப மேலே வரும். அதுங்களுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. எல்லாரும் ஒரே நேரத்துல நட்டு, ஒரே நேரத்துல அறுத்து, ஒரே நேரத்துல வயல்ல தண்ணியைத் தேக்கி விட்டா, பெரிய பரப்புக்கு எங்கயும் தீனியே இருக்காது. பூச்சி அடங்கிடும். ஆனா கீழ்வயல்காரன் உங்க கூடவே நடணும்னா அவனுக்கும் அதே சமயத்துல தண்ணி வேணும். தண்ணி கொடுக்கலைன்னா அவன் லேட்டா நடுவான், அவன் வயல் பூச்சி உங்க வயலுக்கு வரும். அதாவது மேல்வயல்காரன் தண்ணியைக் கொடுத்து, பூச்சித் தொல்லையில்லாத பயிரை வாங்கிக்கிறான். தர்மம் இல்ல, வியாபாரம்.

இதை ரூமுக்கு வந்து படிச்சப்போ இன்னொரு அடுக்கு தெரிஞ்சுது. ஒரு பள்ளத்தாக்கு முழுக்க ஒரே நாள்ல நட்டா, நடவுக்குத் தேவையான தண்ணி ஆத்துல பத்தாது. ஆளாளுக்குத் தனித்தனியா நட்டா பூச்சி. ரெண்டுக்கும் நடுவுல, இத்தனை சுபாக் சேர்ந்து ஒரு கூட்டம், அடுத்த கூட்டம் கொஞ்ச நாள் கழிச்சுன்னு ஒரு சரியான அளவு இருக்கு. ஸ்டீஃபன் லான்சிங்ங்கிற மானுடவியலாளர், ஜேம்ஸ் க்ரெமர்ங்கிற சூழலியலாளரோட சேர்ந்து, ஓஸ், பெதானுங்கிற ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கிற 172 சுபாக்கைக் கம்ப்யூட்டர் மாதிரியில போட்டுப் பார்த்தார். தண்ணீர்க் கோயில்கள் எந்த அளவுல கூட்டம் சேர்த்திருக்கோ, கிட்டத்தட்ட அந்த அளவுலதான் விளைச்சல் நல்லா வந்துச்சு. ஊபுத் அந்த ரெண்டு ஆத்துக்கு நடுவுலதான் இருக்கு. அதாவது நான் சேத்துல விழுந்த ஏரியா.

இந்த ஏற்பாட்டைக் கலைச்சும் பார்த்திருக்காங்க. 1970கள்ல பசுமைப் புரட்சி வந்தப்போ, சீக்கிரம் விளையுற புது ரகங்களைக் கொடுத்து, கோயில் நாட்காட்டியை விட்டுட்டு முடிஞ்ச வரைக்கும் அடிக்கடி நடுங்கன்னு சொன்னாங்க. முதல்ல விளைச்சல் ஏறுச்சு. அப்புறம் புகையான் வந்துச்சு. நம்ம டெல்டா ஆளுங்களுக்கு இந்தப் பேரைக் கேட்டாலே வயிறு கலங்கும். தூர்ல உட்கார்ந்து சாறை உறிஞ்சி, பயிர் தீஞ்சு போன மாதிரி ஆக்கிடும். மருந்து அடிச்சா அதைத் தின்னுற சிலந்தி முதல்ல செத்துச்சு, புகையான் இன்னும் கூடுச்சு. கடைசியில 1986ல இந்தோனேசிய அரசாங்கமே நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை பண்ணுச்சு. பாலியில விவசாயிங்க பழையபடி சேர்ந்து நடுறதுக்குத் திரும்பினாங்க.

கதை இங்க முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ப்ளியோட அப்பாவுக்கு வழியிலேயே 20 ஆர் வயல் இருக்கு. நம்ம பட்டாவுல ஏர்ஸ்னு போடுவாங்களே, அதே அளவுதான். கிட்டத்தட்ட அரை ஏக்கர். அதுக்கு நேர் மேலே ஒரு வில்லா. நீச்சல்குளத்தோட. முன்னாடி அது வயலா இருந்தப்போ வாய்க்கால் திறந்தவெளியில வந்துச்சு. இப்போ காம்பவுண்டு சுவருக்கு அடியில குழாய்ல வருது. குப்பை அடைச்சுக்கும்; உள்ளே போய் எடுக்க அனுமதி கேட்டுட்டு நிக்கணும். இந்த வருஷம் நடவு ரெண்டு வாரம் தள்ளிப் போச்சாம். ரெண்டு வாரம்தானேன்னு காலையில சொல்லியிருந்தா தலையாட்டியிருப்பேன். இப்போ புரிஞ்சுது. ஊர்ல மத்த வயலெல்லாம் அறுத்ததுக்கு அப்புறம் இவங்க பயிர் மட்டும் நிக்கும். சுத்தி இருக்கிற எலிக்கெல்லாம் அது ஒண்ணுதான் பந்தி.

அந்த வயலையும் குத்தகைக்குக் கேட்டு ஆள் வந்திருக்காங்க. வெளிநாட்டுக்காரங்க பாலியில நிலத்தைச் சொந்தமா வாங்க முடியாது, அதனால 25 வருஷம், 30 வருஷம்னு நீண்ட குத்தகை. ஒரு போகத்துல வயல் கொடுக்கிறதை கைடு வேலையில சில வாரத்துல சம்பாதிச்சுடலாம்ங்கிறது ப்ளியோட கணக்கு. "கையெழுத்துப் போடுவீங்களா?"ன்னு கேட்டேன்.

"அப்பா இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே இல்ல"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பாவுக்கு எழுபத்தெட்டு"ன்னார்.

நான் தங்கியிருந்த இடம் எதுன்னு அவர் கேட்கல. நானும் சொல்லல. புக் பண்ணும்போது 'நெல்வயல் பார்த்த அறை'ன்னு டிக் அடிச்சு, அதுக்குக் கூடுதல் காசும் கொடுத்தவன் நான்.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். போலாம். ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் மழை கம்மி, வரப்பு வழுக்காது. புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கேளுங்க: வயலுக்குள்ள எவ்வளவு தூரம் போவீங்க, லுவாக் ஸ்டாப்பை விட்டுட்டுப் போக முடியுமா? தெகலாலாங்ல ஊஞ்சல்ல உட்கார்ந்து ஃபோட்டோ எடுக்கிறதோட முடிச்சுக்கிற டூரும் இருக்கு, அது வேற ரகம். ரூம் எடுக்கும்போது முடிஞ்சா ஊருக்குள்ள, ஒரு குடும்ப வளாகத்துல வாடகைக்கு விடுற அறையைப் பாருங்க, ஊபுத்ல நிறைய இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி பிரேக்கை நீங்களே ரெண்டு தடவை அமுக்கிப் பாருங்க. மாத்து டிரஸ் ஒண்ணு பையில இருக்கட்டும்.

கிளம்புற அன்னிக்குக் காலையில ஜன்னலைத் திறந்தேன். எதிர்வயல்ல மூணு பேர் நாத்து நட்டுட்டு இருந்தாங்க. அதுக்கு அடுத்த வயல் காய்ஞ்சு கிடந்துச்சு, நாலு மூலையிலயும் மூங்கில் குச்சி நட்டு, கயிறு கட்டி அளந்திருந்தாங்க. ரெண்டுக்கும் நடுவுல வாய்க்கால் ஓடிட்டுத்தான் இருந்துச்சு.