வாசலில் நிற்கும் டிராக்டர்

வேளாண்மை அலுவலகத்துக்கு வரும் சிறு விவசாயிகள் டிராக்டர் பற்றிக் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒன்றுதான். "மானியம் எவ்வளவு சார் கிடைக்கும்?" சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் தரும் திட்டம் இருக்கிறது, உச்சவரம்பு உண்டு, பதிவு மூப்பும் உண்டு. இதைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் 'எனக்கு டிராக்டர் தேவைதானா?' என்று கேட்டவர்களை, இத்தனை வருட வேலையில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தேவையா என்று பார்க்க, காவிரி டெல்டாவில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குறுவை, சம்பா இரண்டு போகமும் நெல். சேற்று உழவு, புழுதி உழவு எல்லாம் சேர்த்து ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு ஐந்து மணி நேரம் டிராக்டர் ஓடுகிறது என்று தாராளமாகவே வைப்போம். வருடத்துக்கு 30 மணி நேரம். மணிக்கு 1,200 ரூபாய் வாடகை என்றால் 36,000 ரூபாய். அவருடைய உழவுச் செலவு மொத்தமும் இவ்வளவுதான்.

இப்போது அவரே வாங்குகிறார். விலை 8 லட்சம். கையிலிருந்து 2 லட்சம் போட்டு, மீதி 6 லட்சத்துக்கு 12 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன். ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்றால், ஒரு தவணை ஏறக்குறைய 81,500 ரூபாய். வருடத்துக்கு 1,63,000. சம்பாவில் ஏக்கருக்கு 22 குவிண்டால் கண்டு, குவிண்டால் 2,500 ரூபாய்க்குக் கொள்முதல் நிலையத்தில் போட்டால், மூன்று ஏக்கருக்கும் கிடைப்பது 1,65,000 ரூபாய். அதாவது, விதை, உரம், நடவுக் கூலி, அறுப்புக் கூலி எதையும் கழிக்காமல் ஒரு சம்பா வெள்ளாமை முழுவதையும் தவணைக்கே கொடுத்துவிட வேண்டும். ஐந்து வருடத்துக்கு.

"வாடகைக்கு ஓட்டிச் சரிக்கட்டிடுவேன் சார்" என்பார்கள். முடியும்தான். மணிக்கு 1,200 வாங்கினால் டீசல், டிரைவர் கூலி, ஆயில், தேய்மானம் போக 550 ரூபாய் நிற்கும் என்று வையுங்கள். தவணையை மட்டும் அடைக்கவே வருடத்துக்கு 300 மணி நேரம் பிறர் வயலில் ஓட வேண்டும். ஊரில் ஒரே டிராக்டர் இருந்த காலத்தில் இது பெரிய காரியம் இல்லை. இன்று தெருவுக்கு மூன்று நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்தால் எல்லோருக்கும் அதே இருபது நாளில் உழவு வேண்டும். மற்ற நாளில் யாருக்கும் வேண்டாம். அந்த இருபது நாளிலும் பங்காளி, மாமன் மச்சான் வயலில் ஓட்டினால் "அறுத்துட்டுத் தர்றேன்பா" என்ற பதில்தான் கைக்கு வரும். டீசலுக்கு மட்டும் ரொக்கம் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு விவசாயிக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஒரு மா நிலத்தின் வரவு செலவை மனக்கணக்காகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். எதிர் வீட்டு வாசலில் புது டிராக்டர் மாலையோடு நிற்கும்போதும், பையனுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போகும்போதும் அந்தக் கணக்கு அடிபட்டுப் போகிறது.

மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர்க்காரர் ஒருவர் அப்படித்தான் வாங்கினார். பூஜை போட்டு, தெரு முழுக்கச் சாப்பாடு. முதல் வருடம் எப்படியோ ஓடியது. தை மாதத் தவணையை நெல் பணத்தில் கட்டிவிடலாம். அடுத்தது ஆடியில் வந்து நிற்கும். நாற்றங்காலுக்கே கையில் பணம் இருக்காத நேரம் அது. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் தவணைக்குப் போனது. தவறாமல் திருப்பிக் கட்டினால் வட்டியே இல்லாத கடன் அது. கெடு தவறியதால் அந்தச் சலுகையும் போயிற்று. அவர் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது.

எனக்கு விஷயம் தெரிந்தது வயலைப் பார்த்துத்தான். தூர் கட்டும் பருவத்தில் பயிர் வெளிறிப்போய் நின்றது. முதல் மேலுரம் வைக்கவில்லை. "இலை மஞ்சளா இருக்கு, என்ன நோய் சார்?" என்றார். தழைச்சத்துக் குறைவு, யூரியா போடுங்கள் என்றேன். பேசாமல் இருந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவிதான், "உர மூட்டைக்கு வச்சிருந்தத வண்டிக்குக் கட்டிட்டாருங்க" என்றார். அந்த வருடம் பக்கத்து வயலைவிட ஏக்கருக்கு ஐந்து குவிண்டால் குறைந்தது அவருக்கு.

வயலுக்கு உண்மையில் பலன் தரும் செலவு எதுவும் தெருவுக்குத் தெரிவதில்லை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு தெளிக்கும் தரிசு உளுந்தையே பாருங்கள். பூக்கும் நேரத்தில் ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை என 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் காய்ப்பு கூடும். ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்கு 4 கிலோ உரத்தை முதல் நாளே ஊற வைத்து, தெளிந்த நீரை 200 லிட்டராக்க வேண்டும். மூட்டை 1,350 ரூபாய் என்றால் இரண்டு தெளிப்புக்கும் உரச் செலவு 220 ரூபாய்க்குள். இதைச் செய்தவரை யாரும் நின்று பார்த்து, "பரவால்லையே" என்று சொல்லப்போவதில்லை. மண் பரிசோதனை, விதை நேர்த்தி, வரப்புச் செதுக்குவது, வாய்க்கால் தூர்வாருவது எல்லாமே இந்த வகைதான். பார்க்க ஆள் இல்லாத செலவு. காதுகுத்துக்கு ஊர் எல்லை வரை ஃபிளெக்ஸ் வைப்பவரிடம் ஆயிரம் ரூபாய்க்கு விதை உளுந்து வாங்கச் சொல்லிப் பாருங்கள், யோசிப்பார்.

டிராக்டரே கூடாது என்று சொல்லவில்லை. பத்துப் பதினைந்து ஏக்கர் உள்ளவர், தானே ஓட்டவும் சின்னப் பழுது பார்க்கவும் தெரிந்தவர், கையில் உறுதியான வாடகை வேலை உள்ளவர் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை குறைந்த வாடகையில் டிராக்டர் தருகிறது. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். 2017-18-ல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், நூறு பேர் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் குழு ஒவ்வொன்றுக்கும் இயந்திரம் வாங்க 5 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. உங்கள் ஊர்க் குழு வாங்கிய இயந்திரம் எந்தக் கொட்டகையில் நிற்கிறது, யார் பெயரில் ஓடுகிறது என்று ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். பல ஊர்களில் கேட்க ஆளில்லாமல்தான் கிடக்கிறது.

மன்னார்குடிக்காரர் மூன்றாம் வருடம் வண்டியை விற்றார். கடன் முழுதும் அடையவில்லை. மீதியைக் கட்ட இன்னும் இரண்டு சம்பா ஆயிற்று. விற்ற வாரத்தில் அவர் டீக்கடைப் பக்கமே போகவில்லையாம். "நாலு பேரு கேப்பாங்களேன்னு இருந்துச்சு சார். ரெண்டு பேருதான் கேட்டாங்க. அதுவும் ஒரு வாரந்தான்" என்று பிறகு அவரே சொல்லிச் சிரித்தார்.

இப்போது இரண்டு கறவை மாடு, சம்பாவுக்குப் பிறகு மூன்று ஏக்கரிலும் உளுந்து. பால் பணம் வீட்டுச் செலவுக்கு, உளுந்துப் பணம் அடுத்த குறுவைக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கணக்கு நோட்டு மனைவியிடம். சங்கிலி போன வருடம் மீண்டது. "ராத்திரி தூக்கம் வருதுங்க. போன் அடிச்சா பேங்க்காரரா இருக்குமோன்னு பயந்தது போச்சு" என்கிறார் அந்த அம்மா. மகனுக்கு வண்டி போன வருத்தம் கொஞ்சம் உண்டு. ஆனால் டிரைவிங் கற்றுக்கொண்டது வீண் போகவில்லை. சீசனில் அறுவடை மெஷின் ஓட்டப் போகிறான்.

உழவுக்கு எதிர் வீட்டு டிராக்டரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஓட்டி முடித்த அன்றே வரப்பில் வைத்து ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறார். தண்ணீர் வந்ததும் அந்த டிராக்டர் முதலில் இறங்குவது இவர் வயலில்தான்.