எண் இல்லாத சாயம்

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, பொடி எழுத்தில் 330, 500 என்றிருந்தால் ஏதோ விஷம் என்று ஒதுக்கி வைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள் அந்தப் பயத்தை வளர்க்கின்றன. 330 என்பது எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம். ஆப்பசோடா 500-இல் அடங்கும். 300 வைட்டமின் சி, 100 மஞ்சளின் நிறம் தரும் குர்குமின். ஒரு பொருளை எந்த நாட்டிலும் ஒரே மாதிரி அடையாளம் காணத்தான் இந்த எண்கள். நாம் அதிகம் அஞ்சவேண்டியது எண்ணே போடாமல் விற்கப்படும் உணவுக்குத்தான்.

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும், 17-ஆம் தேதி தமிழ்நாடும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கலாம். மாதிரிகளில் இருந்தது ரோடமின் பி. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. விலை மலிவு, ஒரு சிட்டிகை போட்டாலே கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு. இந்தியாவில் உணவுக்கு அனுமதியுள்ள செயற்கை நிறங்கள் எட்டுதான். அவையும் குறிப்பிட்ட சில உணவுகளில், பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான். ரோடமினுக்கு எந்த உணவிலும் எந்த அளவிலும் இடமில்லை. அடுத்த மாதமே கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியன் சிக்கியது. அங்கே ரோடமினோடு, அனுமதிப் பட்டியலில் உள்ள டார்ட்ராசின், சன்செட் யெல்லோவும் கிடைத்தன. மிட்டாய்க்கு அனுமதித்த நிறம் பொரித்த காலிஃபிளவருக்கும் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

அனுமதித்தவையே பிறகு கெட்டவை என்று தெரியவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரொட்டியில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை இந்தியா 2016-இல்தான் விலக்கியது. எரித்ரோசின் என்ற சிவப்புக்கு அமெரிக்கா கொடுத்திருந்த அனுமதியை 2025 ஜனவரியில் ரத்து செய்தது. சில நிறங்கள் குழந்தைகளின் கவனத்தையும் துறுதுறுப்பையும் பாதிக்கலாம் என்று 2010 முதல் ஐரோப்பாவில் பாக்கெட்டிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும். ஆகவே சின்னப் பிள்ளைகளுக்குப் பளிச்சென்ற மிட்டாயைக் குறைப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் ஒன்று: பெயரும் அளவும் பதிவாகியிருந்ததால்தான் இவற்றை ஆராயவும் விலக்கவும் முடிந்தது. தள்ளுவண்டிச் சட்டியில் விழும் பொடிக்கு அப்படி ஒரு பதிவு கிடையாது.

ஏழை வியாபாரியை வதைக்கிறோம் என்ற வருத்தமும் உண்டு. அவர் அந்தப் பொடியைத் தயாரிப்பதில்லை, வாங்குகிறார். பல நேரம் அது என்னவென்றே அவருக்குத் தெரியாது. சாயத்தை உணவு நிறமென்று விற்கும் மொத்தக் கடையைப் பிடிக்காமல் வண்டியை மட்டும் பறிமுதல் செய்வது பாதி வேலை. மீதியில் நமக்கும் பங்குண்டு. ரத்தச் சிவப்பில் இருந்தால்தான் சிக்கன் 65 என்று நாம்தான் பழகிவைத்திருக்கிறோம். அடுத்த முறை கடையில், “கலர் பொடி போடாமல் பொரித்துக் கொடுங்கள்” என்று கேளுங்கள்; காஷ்மீரி மிளகாய்த் தூளே போதுமான சிவப்பைத் தரும்.