மழையும் நாணயமும்

திருகோணமலை மாவட்டத்து நிலாவெளியில் ஆனி, ஆடியில் வீசுவது வறண்ட கச்சான். ஐப்பசி பிறந்தால் வாடையோடு மழை வரும். 1964 டிசம்பரில் திருகோணமலையைப் புயல் தாக்கியது. 2020 டிசம்பர் 2 இரவு ‘புரெவி’ புயல் கரையேறியதும் இந்த மாவட்டத்தில்தான். இத்தகைய ஊரில் வானிலையைக் குறித்துவைப்பது எவ்வளவு பயனுள்ள பொழுதுபோக்கு!

அதற்குச் செலவே இல்லை. பக்கங்கள் நேரான ஒரு பேணியை முற்றத்தில், மரநிழல் படாத இடத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் நீரை அளந்து கொப்பியில் எழுதுங்கள். பத்து மில்லிமீற்றர் என்றால், ஒரு சதுர மீற்றர் நிலத்தில் பத்து லீற்றர் மழை.

நாணயம் சேர்ப்பதும் இதே பொறுமையைக் கேட்கும். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக்காசைப் பாருங்கள்: ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் நந்தி, அதன் கீழே தமிழில் ‘சேது’. சின்னஞ்சிறு காசில் ஓர் அரசே நிற்கிறது!

பழைய காசைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்; எழுத்து தேய்ந்துபோகும். மண்ணில் பழங்காசு கிடைத்தால், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.